உடைந்த எட்டு

வந்திருந்தவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைப்பக்கம் பழைய கார் சங்கத் தலைவரான பல் டாக்டர். சாய்ந்தால் பின்னாலிருக்கும் கோப்பை அலமாரியின் கண்ணாடி தலையில் இடிக்கும் என்பதால் முன்னால் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலது கைப்பக்கம் செயலாளர், எதிரே ஒரு கோப்பும் மூடி தொலைந்த பேனாவும். ஜன்னலோரத்துப் பெஞ்சில் சித்தப்பா, மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதே பெஞ்சில், நடுவே ஒரு கைப்பை வைக்கும் அளவு இடம் விட்டு, அத்தை. கதவுக்குப் பக்கத்தில், மின்விசிறிக் காற்று எட்டாத நாற்காலியில் அவள்.

இதை அவள் நோட்டில் எழுதி முடிக்கும்வரை யாரும் பேசவில்லை. மரியாதையால் அல்ல, என்ன எழுதுகிறாள் என்று எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆரம்பிச்சுட்டா," என்றார் சித்தப்பா. "யாரு எங்க உக்காந்தா, யாரு தும்முனா, எல்லாம் அதுல வரும். டாக்டர் சார், கொஞ்சம் நிமிந்து உக்காருங்க. கூனிக்கிட்டு இருந்தீங்கன்னு எழுதிருவா."

மின்வாரிய அலுவலகத்தில் இருபது வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் அவள். அடியில் கரித்தாள் வைத்து நகல் எடுக்காமல் ஒரு கடிதமும் எழுதமாட்டாள். கணினி வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அதனால் அலுவலகத்தில் அவளுக்குக் கார்பன் என்று பெயர். அந்தப் பெயரை வீட்டுக்குள் கொண்டுவந்து புழங்கவிட்டவர் சித்தப்பாதான்.

விவகாரம் இதுதான். அவளுடைய அப்பா மில்லில் ஃபிட்டராக இருந்தவர். முப்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால், வீட்டுக்குப் பின்புறத் தகரக் கொட்டகையில், தன் கையாலேயே ஒரு பந்தயக் கார் கட்டினார். ஒற்றை இருக்கை, குழாயை வளைத்துப் பற்றவைத்த சட்டம், அலுமினியத் தகட்டு உடம்பு. தெருவில் அதற்குப் பெயர் டின். டின் நான்கு பந்தயம் ஓடி, ஒன்றில் இரண்டாவதாக வந்தது. பிறகு மில்லில் கணக்கெடுத்தபோது ஒரு தீயணைப்புப் பம்பின் எஞ்சினைக் காணவில்லை; எப்போது போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பாவுக்கு வேலை போனது. டின் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. போன வருடம் அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

சங்கம் பழைய பந்தயக் கார்களுக்கு ஒரு பதிவேடு அச்சிடப் போகிறது என்று தெரிந்ததும் அவள் விண்ணப்பம் போட்டாள். 'கட்டியவர்' என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர் ஏறவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அந்தக் கட்டத்துக்கு மேலே இன்னொரு கட்டம் இருந்தது: 'எஞ்சின் எங்கிருந்து வந்தது.' அதில் அவள் 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தாள். செயலாளர் கடமை தவறாதவர். கட்டியவர் வேலை பார்த்த மில்லுக்கு விசாரித்து எழுதிவிட்டார். மில்லில் பழைய தாள் ஒன்றுமில்லை. அவர்கள் கடிதத்தை அந்தக் காலத்து ஸ்டோர் கீப்பருக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த ஸ்டோர் கீப்பர்தான் சித்தப்பா.

சித்தப்பா உறையிலிருந்து ஒரு தாளை உருவினார். மடிப்பில் கிழிந்து, ஒட்டி, மறுபடி மஞ்சளாகிப்போன தாள்.

"படிக்கிறேன், கேட்டுக்கோங்க. 'ஸ்டோரில் வைக்கப்பட்டிருந்த தீயணைப்புப் பம்பின் எஞ்சின், நான்கு சிலிண்டர், எண் 40-1137-2, காணவில்லை.' கீழ கையெழுத்து நான். முப்பத்தோரு வருஷமா பத்திரமா வச்சிருக்கேன்." தாளைத் தாழ்த்தி அவளைப் பார்த்தார். "இப்ப நீ சொல்லும்மா கார்பன். உங்கப்பா வண்டி எஞ்சின் மேல என்ன நம்பர் இருக்கு?"

அவளுக்கு அது தன் வீட்டுக் கதவு எண்ணைவிட நன்றாகத் தெரியும். "40-1137-2."

"கேட்டுக்கிட்டீங்களா?"

"அப்ப அது திருட்டு எஞ்சின்," என்றார் டாக்டர், பல்லைப் பிடுங்கியே ஆகவேண்டும் என்று சொல்லும் அதே குரலில்.

"எங்க பெரியண்ணனை அப்படிச் சொல்லாதீங்க," என்றாள் அத்தை.

"பின்ன எப்படிச் சொல்றது? பம்பு தானா நடந்து கொட்டகைக்கு வந்துச்சாமா?" என்றார் சித்தப்பா.

"சின்னண்ணே, நீ கொஞ்சம் வாய மூடு."

"நான் எதுக்கு மூடணும்? திருடுனவன் பொண்ணு வாயத் தொறந்து விண்ணப்பம் போடுறா. புகார் குடுத்தவன் மூடணுமா?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அந்தப் புகாருக்கு ஒரு காப்பி வேணும்."

"எடுத்துக்கோ. பத்து எடுத்துக்கோ. உன் பேரே அதுதானே."

டாக்டர் கடைசியாகச் சொன்னார்: "அச்சுக்குப் போக நாப்பது நாள் இருக்கு. அதுக்குள்ள எஞ்சின் வேற எங்கயோ வாங்குனதுன்னு தாளோட காட்டுங்க. இல்லன்னா விண்ணப்பத்தைத் தள்ளிடுவோம். தள்ளுனதுக்குக் காரணத்தையும் பதிவேட்டுல போடுவோம். எல்லாருக்கும் ஒரே விதிதான்."

ஆக, ஒன்று அப்பா பெயர் கட்டியவராக அச்சில் ஏறும். இல்லை, திருடியவராக ஏறும். ஏறாமலே இருந்திருக்கலாம் என்ற வழியை அவளே விண்ணப்பம் போட்டு அடைத்துவிட்டாள்.

நாடகத்தில் வருவதுபோல் அவள் அப்பாவை முழுசாக நம்பினாள் என்று சொல்ல முடியாது. வேலை போனபோது அவளுக்குப் பதிமூன்று வயது. பள்ளிக்கூடத்தில் யாருடைய அளவுகோல் தொலைந்தாலும் முதலில் அவள் பையைத்தான் கொட்டினார்கள். அம்மா சமையலறையிலிருந்து கத்தும்போதெல்லாம் அப்பா சொன்ன பதில் ஒன்றே ஒன்று: "நம்பர் ஒத்துப்போகுதே, நான் என்ன பண்றது?" அதை மறுப்பு என்று யாராலும் எடுத்துக்கொள்ள முடியாது. மில்காரர்கள் எஞ்சினைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. வண்டிக்காக அதன் ஒரு காதை, போல்ட் மாட்ட வெளியே நீட்டியிருக்கும் இரும்பை, வெட்டியிருந்ததால் பம்புக்கு இனிப் பொருந்தாது என்று எழுதிவிட்டு, அப்பாவின் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்த இரும்பு அதன் பிறகு முப்பத்தோரு வருடம் கொட்டகையில் உட்கார்ந்து, இந்த வீட்டில் திருடன் உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் கடிதம் எழுதத் தொடங்கினாள். அதே ரக எஞ்சின் வேன்களிலும் வந்திருந்தது என்று தெரிந்ததால் பழைய உதிரிபாகக் கடைகள், எஞ்சின் ஏலம் எடுக்கிறவர்கள், கம்பெனியின் கிளைகள் என்று பதினெட்டுக் கடிதம். ஒவ்வொன்றிலும் ஒரே விவரம், ஒரே வரிசை, கீழே சிவப்பில் கோடிட்ட ஒரே எண். ஒவ்வொன்றுக்கும் நகல். மதிய இடைவேளையில் எழுதி, மாலையில் தபாலில் சேர்த்தாள். பதினொன்றுக்குப் பதிலே இல்லை. ஒருவர், 'நாங்கள் இப்போது குளிர்சாதனப் பெட்டி விற்கிறோம், இனி எழுதவேண்டாம்' என்று எழுதினார். இன்னொருவர் அவள் கடிதத்தையே மடித்துத் திருப்பி அனுப்பினார்.

இருபத்து மூன்றாம் நாள் ஓர் உதிரிபாக வியாபாரியிடமிருந்து பதில் வந்தது. கையெழுத்தைப் பார்த்தாலே ஆள் கோபக்காரர் என்று தெரிந்தது. முற்றுப்புள்ளிகள் தாளைத் துளைத்திருந்தன.

'அம்மணி, நீங்கள் எஞ்சின் எண் என்று மூன்று இடத்தில் எழுதி, மூன்று இடத்திலும் கோடு போட்டிருப்பது எஞ்சின் எண்ணே அல்ல. அது வார்ப்பு எண். சூளைக்காரன் செங்கல்லில் பதிக்கிற முத்திரை மாதிரி, அந்த அச்சில் வார்த்த ஒவ்வொரு பிளாக்கிலும் புடைத்துக்கொண்டு நிற்கும். ஆயிரக்கணக்கில் வார்த்தார்கள். அத்தனையும் ஒரே ஆள் திருடினதா? அந்த எண்ணையாவது ஒழுங்காக எழுதினீர்களா என்றால் அதுவும் இல்லை. 40-1137-2 என்று ஒரு வார்ப்பு எங்கள் புத்தகத்தில் கிடையாது. 40-1187-2 தான் உண்டு. கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். எஞ்சினின் சொந்த எண் டைனமோவுக்குப் பின்னால், கட்டைவிரல் அகலத்து மேடையில், எஃகு அச்சால் குத்தி அடித்திருக்கும். அதை எழுதுங்கள். என் நேரத்தை வீணாக்காதீர்கள்.'

அவளுக்குக் காது சூடாகிவிட்டது. இருபது வருடத்தில் ஒரு மீட்டர் எண்ணைக்கூடத் தப்பாக எழுதியவள் இல்லை. பதினெட்டுக் கடிதம், பதினெட்டு நகல், அத்தனையிலும் தப்பு என்றால் அந்த ஆளுக்குத்தான் கண் சரியில்லை என்று முனகிக்கொண்டே, அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

கொட்டகையில் எஞ்சின் பக்கம் ஜன்னல் இல்லாத சுவர். பட்டப்பகலிலும் விளக்கு வேண்டும். வயரில் தொங்கும் பல்பை இழுத்து மாட்டி, எலி கொறித்த தார்ப்பாயை விலக்கி, குனிந்து பார்த்தாள். 40-1137-2. மூன்றுதான். சந்தேகமே இல்லை. ஜெயித்துவிட்ட திருப்தியோடு விரலை அதன்மேல் ஓட்டினாள்.

விரல் நின்றது. மற்ற எண்களின் ஓரங்கள் வார்ப்பில் மழுங்கி, உருண்டையாக இருந்தன. மூன்றின் இடது ஓரம் மட்டும் கத்திபோல் வெட்டியது. பக்கத்திலேயே, வெட்டி எடுத்த காதின் அடிக்கட்டை. அதிலிருந்து கிளம்பிய ஓர் உளித்தடம் நேராக வந்து அந்த எண்ணின் மேல் முடிந்திருந்தது. அது மூன்று அல்ல. இடது பாதி சிதறிப்போன எட்டு.

டைனமோவைக் கழற்றுவதற்குள் அவளுடைய இரண்டு நகம் போயிற்று. பின்னால் மேடை இருந்தது, பெயிண்டுக்கும் பிசுக்குக்கும் அடியில். மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து, மெல்லிய தாளை வைத்து, அதன்மேல் கரித்தாளைக் கவிழ்த்துத் தேய்த்தாள். எண்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாக எழும்பின. 62905.

வாகனப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா அவள் கடிதத்தைப் பார்க்காமலே தள்ளினார். "முப்பது வருஷத்து ரெஜிஸ்டர் எல்லாம் பரண்ல இருக்கு. ஏணி உடைஞ்சு கெடக்கு."

"ஏணி உடைஞ்சிருக்குன்னு எழுதிக் குடுங்க."

"என்னது?"

"கடிதத்துக்குப் பதில் குடுக்கணும்ல சார். 'ஏணி உடைந்திருப்பதால் தகவல் தர இயலவில்லை'ன்னு சீல் போட்டுக் குடுங்க. நான் மேல அனுப்பிக்கிறேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எந்த ஆபீஸ்?"

"உங்க ஆபீஸ் மாதிரியே ஒரு ஆபீஸ்."

அதிலிருந்து ஏழாம் நாள் பதில் வந்தது. எஞ்சின் எண் 62905, ஒரு மருத்துவமனை ஆம்புலன்ஸ். பதிவு ரத்து, வண்டி ஏலம். ஏலத்தில் எடுத்தவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர், தகப்பனார் பெயரோடு, கதவு எண்ணோடு. தேதி, மில்லில் பம்பைக் காணோம் என்று புகார் எழுதுவதற்கு இரண்டு வருடம் முன்பு.

அதோடு விட்டிருக்கலாம். சங்கம் கேட்ட தாள் அது. ஆனால் அவள் எதையும் கோப்பில் போடும் முன் தேதி வரிசைப்படி அடுக்கி, ஒருமுறை முழுக்கப் படிக்கிறவள். கடைசியாகச் சித்தப்பாவின் புகார் கையில் வந்தது. எண் 40-1137-2.

பம்பு எஞ்சின் மேல் எட்டுதானே இருந்திருக்கும்? உலகத்தில் அந்த அச்சில் வார்த்த எல்லா எஞ்சின்மேலும் எட்டுதான். ஒன்றே ஒன்றில்தான் மூன்று, அது அவள் வீட்டுக் கொட்டகையில். அப்படியானால் ஸ்டோரில் உட்கார்ந்து எழுதிய புகாரில் மூன்று எப்படி வந்தது?

அப்பாவுக்கு அந்தக் காதை வெட்டிக் கொடுத்தவர் யார் என்று அத்தைக்குத் தெரிந்திருந்தது. லேத்துப் பட்டறைக்காரர், இன்னும் அதே பட்டறையில். "அவன்கிட்டப் போகாதடி," என்றாள் அத்தை. "உங்கப்பன் பேரைச் சொன்னா கடப்பாறை எடுப்பான்."

கடப்பாறை எடுக்கவில்லை. லேத்தை நிறுத்தவும் இல்லை. சத்தத்துக்கு மேல் கத்தினார். "யாரு? ஃபிட்டர் பொண்ணா? வாசல்லயே நில்லு. உள்ள வராத."

அவள் வாசலில் நின்றபடியே கேட்டாள். எட்டு என்று சொன்னதும் லேத்து நின்றது.

"எட்டா? அந்த எட்டையா கேக்குற?" துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ஸ்டியரிங் தண்டு இடிக்குதுன்னு அந்தக் காதை எடுக்கச் சொன்னான் உங்கப்பன். நான்தான் வெட்டுனேன், வண்டி கட்டுறப்ப, அந்தக் கொட்டகையிலயே. உளி ஒரு நூல் வழுக்கிருச்சு. பாதி எட்டு பறந்துபோச்சு. எஞ்சினுக்கு ஒரு கேடும் இல்ல. அதுக்கு என்ன சொன்னான் தெரியுமா? பத்துப் பேர் முன்னாடி?"

"என்ன சொன்னாரு?"

"'உளி பிடிக்கத் தெரியாத உனக்கெல்லாம் எதுக்குடா பட்டறை'ன்னான். என்னைய! இன்னி வரைக்கும் மறக்கல. செத்ததுக்கும் வரல, வரமாட்டேன்னு அப்பவே சொல்லிருந்தேன்."

"இதை நான் எழுதுறேன். கையெழுத்துப் போடுவீங்களா?"

"போடுறேன். ஆனா அவன் சொன்னதையும் எழுதணும். ஒரு வார்த்தை விடாம."

அவள் வாசல்படியில் நோட்டை வைத்து எழுதினாள். உளி வழுக்கியது, எட்டு உடைந்தது, மாதம், வருடம், பத்துப் பேர் முன்னால் சொன்ன வசை, எல்லாம். அவர் இரண்டு முறை படித்தார். "எதுக்குடா பட்டறை" என்பதன் கீழ் தன் கையாலேயே கோடு போட்டார். கையெழுத்திட்டு, "இனி இந்தப் பக்கம் வராத" என்று சொல்லி லேத்தை ஓடவிட்டார்.

முப்பத்தேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் சித்தப்பா வீட்டுக்குப் போனாள். கூடத்தில் சித்தப்பா தரையில் உட்கார்ந்து ஒரு மேசை மின்விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தார். அத்தை சாப்பாட்டு மேசையருகே, ஒரு காலை மடித்து நாற்காலியில். அவளுக்கு யாரும் நாற்காலி காட்டவில்லை. அவளாகவே சுவரோரத்து முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மூன்று தாள்களையும் விசிறி இறக்கைகளுக்கு நடுவே பரப்பினாள். ஏலத் தாள், லேத்துக்காரர் எழுதிக் கொடுத்தது, புகார்.

"மொதல் தாள், எஞ்சின் ஆம்புலன்ஸோடதுன்னு சொல்லுது. ரெண்டாவது, எட்டு எங்க கொட்டகையிலதான் உடைஞ்சுதுன்னு சொல்லுது. மூணாவது நீங்க எழுதுனது. அதுல உடைஞ்ச எட்டு இருக்கு. ஸ்டோர்ல இருந்த பம்பைப் பாத்து நீங்க அதை எழுதிருக்க முடியாது."

சித்தப்பா ஒரு திருகாணியை எடுத்துப் பார்த்து, டப்பாவில் போட்டார். "வக்கீலாயிட்டா."

"எங்க பாத்து எழுதுனீங்க சித்தப்பா?"

"வயசான மனுசனை வீட்டுக்குள்ள வந்து கேள்வி கேக்குறியா? உங்கப்பன் வளத்த லட்சணம்."

"எங்கப்பாவைப் பத்தி நீங்க பேசி முடிச்சாச்சு. முப்பத்தோரு வருஷம் பேசிட்டீங்க. இப்ப இதுக்குப் பதில் சொல்லுங்க."

"அடியேய், கொரல ஒசத்தாத," என்றாள் அத்தை. ஆனால் அவள் கண்ணும் அந்தத் தாள்கள்மேல்தான் இருந்தது. "சின்னண்ணே, சொல்லு. நானும் கேக்குறேன்."

சித்தப்பா திருகாணிகளைப் பிரித்து அடுக்கினார். பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம். ஸ்டோர் கீப்பரின் கை.

"பம்பு திருடு போகல," என்றார் கடைசியில். "பழைய இரும்பு லாரியில ஏத்திட்டானுங்க. கேட் பாஸ்ல கையெழுத்து என்னோடது. படிக்காமப் போட்டேன். ஒரு மாசம் கழிச்சு ஆடிட்டு வந்து பம்பு எங்கன்னு கேட்டான். காணோம்னேன். நம்பர் குடுன்னான். என் ரெஜிஸ்டர்ல நம்பரே ஏத்தல. நம்பர்கூட ஏத்தாதவன் என்ன ஸ்டோர் கீப்பர்னு அன்னிக்கே வெளிய தள்ளிருப்பான். கல்யாணமாகி எட்டு மாசம் எனக்கு."

"அதனால?"

"உங்க வீட்டு எஞ்சினும் அதே ரகம்தானே. ஏதோ ஒரு நம்பர் போட்டா ஃபைலை மூடிருவான்னு நெனைச்சேன். போய் எழுதிட்டு வந்தேன். பெருசாப் பொடைச்சுக்கிட்டு ஒரு நம்பர்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. வீடு வீடாத் தேடுவானுங்கன்னு நான் கண்டேனா?"

"எங்கப்பா பேர் வந்தப்ப சொல்லிருக்கலாமே!"

"சொல்லிருக்கலாம். அவரும் சொல்லிருக்கலாம்."

"அவருக்கு என்ன தெரியும்?"

சித்தப்பா அன்றைக்கு முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெட்கம் ஒன்றும் இல்லை; பழைய, ஊறிப்போன கோபம்தான் இருந்தது.

"அந்தக் கொட்டகையில வெளிச்சம் ஏது? நான் நம்பர் எழுதுறப்ப விளக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னதே உங்கப்பாதான். எதுக்குடா நம்பர்னாரு. ரெஜிஸ்டருக்குன்னேன். சரின்னு இன்னும் கிட்டக் காட்டுனாரு. மேனேஜர் ரூம்ல அந்தத் தாளை நீட்டுனப்ப அவர் என்னைப் பாத்தாரு. ஒரே ஒரு பார்வை. ஏல ரசீது சட்டைப் பையில இருந்துச்சு, எனக்குத் தெரியும். எடுக்கல. 'நம்பர் ஒத்துப்போகுதே, நான் என்ன பண்றது'ன்னுட்டு வெளிய போயிட்டாரு."

அத்தை வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அதுக்கப்புறம் ஒரு நாளாவது என்னைத் திட்டுனாரா? தெருவுல பாத்தா ஒதுங்கிப் போவாரு. ஒரு அறை குடுத்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். குடுக்கல. என்னைய ஆயுசு முழுக்க அவர் போட்ட பிச்சையில வேலை பாக்க வச்சாரு. அந்தாளை எனக்குப் பிடிக்காது. செத்த பிறகும் பிடிக்காது. எழுதிக்கோ."

அவள் எழுதவில்லை. அப்பாவுக்காகச் சேர்த்து வைத்திருந்த கோபம் முழுவதும் திசை தெரியாமல் நின்றது. பாதி அப்பாவின் பக்கமே திரும்பியது. கொட்டிக் கவிழ்த்த பள்ளிக்கூடப் பை ஒவ்வொன்றும், சமையலறையில் அம்மா உடைத்த பாத்திரம் ஒவ்வொன்றும், அவர் தெரிந்தே கொடுத்தது. தம்பிக்காகத் தந்ததை அவர் தன் கணக்கிலிருந்து மட்டும் தரவில்லை.

அத்தைதான் முதலில் தேறினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முக்காலிப் பக்கம் குனிந்தாள். "இங்க பாருடி. ஆம்புலன்ஸ் தாளை மட்டும் குடு. உங்கப்பன் பேரு ஏறிரும். இவன் புகாரை வாபஸ் வாங்கிக்குவான். மத்தது வீட்டோட இருக்கட்டும்."

"வாங்கிக்கிறேன்," என்றார் சித்தப்பா, விசிறியைப் பார்த்தபடி. "தப்பா ஞாபகம் வச்சிருந்தேன்னு எழுதித் தர்றேன்."

"தப்பா ஞாபகமா?"

"பின்ன எப்படி எழுதணும்கிற?"

அவள் தாள்களை அடுக்கினாள். பெரியது கீழே, சிறியது மேலே. "வீட்டோட இருந்ததெல்லாம் போதும் சித்தப்பா. அது எங்க வீட்டோடதான் இருந்துச்சு. உங்க வீட்டுக்கு ஒரு நாளும் வரல."

"அப்ப எழுது, போ! உங்கப்பன் செய்யாததை நீ செய். எழுதி ஒட்டி ஊரெல்லாம் அனுப்பு. கார்பன்!"

"பெரியண்ணன் பேரும் சேந்து நாறுமேடி," என்றாள் அத்தை.

"நாறட்டும். திருடன்னு நாறுறதுக்கு இது தேவலாம்."

வாசலில் செருப்பு மாட்டும்போது, உள்ளே டப்பாவை எட்டி உதைத்த சத்தமும் திருகாணிகள் தரையெங்கும் உருளும் சத்தமும் கேட்டன.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் அலுவலக மேசையில் நான்கு தாள், நடுவே மூன்று கரித்தாள் வைத்து, அழுத்தி எழுதினாள். எஞ்சின் எண், ஆம்புலன்ஸ், ஏலத் தேதி, வெட்டிய காது, உளி, உடைந்த எட்டு, கேட் பாஸ். வரிசை தப்பவில்லை. முன்பு அனுப்பிய பதினெட்டுக் கடிதங்களில் வார்ப்பு எண்ணை எஞ்சின் எண் என்று தானே தவறாக எழுதியதையும் ஒரு வரியில் ஒப்புக்கொண்டாள். லேத்துக்காரர் கேட்ட வசையையும் விடவில்லை.

பிறகு கடிதத்தில் அந்தக் கொட்டகைக் காட்சிக்கு வந்தாள். கூட்டக் குறிப்பு எப்படித் தொடங்குமோ அப்படியே தொடங்கினாள்.

'எண்ணைப் பார்த்து எழுதியபோது இருந்தவர்கள் இருவர். எஞ்சினுக்கு முன்னால் பென்சிலோடு குனிந்திருந்தவர் ஸ்டோர் கீப்பர். அவருக்கு இடப்புறம், கையில் விளக்கோடு நின்றவர் வண்டியைக் கட்டியவர். எண் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது இருவருக்கும் தெரியும். இருவரும் சொல்லவில்லை. கட்டியவர் இதைத் தன் வீட்டிலும் கடைசிவரை சொல்லவில்லை.'

கடைசி வாக்கியம் சங்கத்துக்குத் தேவையில்லை. பேனாவை அதன்மேல் கொண்டுபோனாள். அடிக்கவில்லை. அடித்தாலும் கீழே மூன்று நகலிலும் தழும்பு தெரியும்.

தபால் நிலையத்தில் கவுண்டரை மூட ஐந்து நிமிடம் இருந்தது. மூலத்தைச் சங்கத்துக்கான உறையில் போட்டாள். முதல் நகல் மில் அலுவலகத்துக்கு. இரண்டாவது சித்தப்பாவுக்கு. மூன்றாவது, எழுத்து மங்கியது, கைப்பைக்குள் போனது.

"மூணும் ரிஜிஸ்டரா? சீக்கிரம்மா," என்றார் கவுண்டர்க்காரர். "பசை அந்தப் பக்கம் இருக்கு, காஞ்சிருக்கும், தண்ணி தொட்டுக்கோங்க."

அவள் தண்ணீர் தொட்டு ஒட்டினாள். ஓரங்களைக் கட்டைவிரலால் இரண்டு முறை நீவினாள். அவர் ஒவ்வொன்றாக வாங்கி முத்திரை குத்தி, மூன்றாவது உறையைத் திருப்பி விலாசத்தைப் பார்த்தார். "இது உள்ளூர்தானே? நாலு தெரு தள்ளி. நேர்ல குடுத்துட்டுப் போலாமே."

"தபால்லயே போகட்டும்," என்றாள்.

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு மூன்றையும் பின்னாலிருந்த சாக்கில் எறிந்தார்.